சலாமத்து கொண்டுவந்த புயல்

பறங்கிக்காரர்கள் நாகப்பட்டினத்தை விட்டு இன்னும் போகாத காலத்தில், ஓர் ஆவணிக் காற்றில், கருங்கழிப்பட்டினத்துக் கரையிலிருந்து ஆறு கப்பல்கள் புடவைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு கடலுக்கு அக்கரையிலுள்ள அச்சைத் துறைமுகத்துக்குப் போயின. தை பிறந்து, வாடை தளர்ந்து, போனவர்கள் வரவேண்டிய நாளெல்லாம் வந்து கடந்துபோன பிறகு, அவற்றில் சலாமத்து என்ற ஒரே ஒரு கப்பல் திரும்பி வந்தது, வரும்போது தன்னை அடித்த புயலையும் கூடவே கொண்டுவந்தது.

சைனம்பு அப்போது கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "கப்பல் தெரியுது, கப்பல் தெரியுது" என்று யாரோ தெருவில் கத்திக்கொண்டு ஓடவும் ஈரத்துணியை அப்படியே கல்லில் போட்டுவிட்டு எழுந்தாள். அவளுடைய புருஷன் உதுமான் கனி, முபாரக்கு என்ற கப்பலில் சுக்கான் பிடிக்கப் போயிருந்தான். அவளுடைய அண்ணன் காசிம் நெய்னா, சலாமத்தில் நட்சத்திரம் பார்த்து வழி சொல்லும் மாலுமியாகப் போயிருந்தான். ஒரே நாளில் இரண்டு பேரையும் அனுப்பிவைத்தவள் அவள். தொழுதுவிட்டுக் கையேந்தும்போது ஒருவர் பெயரை முதலில் சொன்னால் மற்றவருக்குக் குறைந்துபோகுமோ என்று பயந்து, ஒருநாள் புருஷன் பெயர், ஒருநாள் அண்ணன் பெயர் என்று முறைவைத்துக் கேட்டுவந்தவள்.

பகலில் தெருவில் கால்வைக்காத மரைக்காயர் வீட்டுப் பெண்கள்கூட அன்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கரைக்கு வந்து நின்றார்கள். காற்று அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. அந்தக் கடலின் நடுவில் நங்கூரம் போட்டு நின்ற சலாமத்து மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, மூக்கைத் தண்ணீருக்குள் விட்டு, தூக்கி, மறுபடி விட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டு முற்றத்துக்கு மேல் அகலமில்லாத கரிய மேகம் அதன் பாய்மரத்தை உரசிக்கொண்டு நின்று மழையைக் கொட்டியது. கப்பலைச் சுற்றித் துடுப்பு நீளத்துக்கு அலைகள் பனையளவு எழுந்து விழுந்தன, அதற்கு ஒரு முழம் இப்பால் கடல்காக்கை ஒன்று ஆடாத தண்ணீரில் உட்கார்ந்து இறகு கோதியது. இவ்வளவும் சத்தமில்லாமல் நடந்தது. இவ்வளவும், கண்ணாடிச் சிமிழுக்குள் வைத்துப் பார்ப்பதுபோல் அத்தனை தெளிவாகவும் தெரிந்தது. மேல்தட்டில் நின்றவர்கள் வாளியில் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றுவதும், ஒருவன் விரலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து பறப்பதும், கப்பலின் தலைவரான நாகுதா பாவா லெப்பையின் நரைத்த தாடியிலிருந்து தண்ணீர் சொட்டுவதும் கரையில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தன.

"மத்த அஞ்சும் எங்க?" என்று முதலில் கேட்டது சைனம்புவின் மாமியார் மைமூன். மேகத்தைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. ஐந்து கப்பல் இல்லாத கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு மேகம் அதிகமாக இருந்தது பெரிய விஷயமாகப் படவில்லை.

கப்பலிலிருந்தவர்கள் ஒரேயடியாக இறங்கிவர முடியவில்லை. புயல் விடாமல் அடித்ததால் தண்ணீரை இறைக்க ஆள் வேண்டியிருந்தது. பாதிப் பேர் இறைக்க, பாதிப் பேர் இடுப்பில் கயிறு கட்டிக் குதித்துப் புயலின் விளிம்பைத் தாண்டி நீந்தி, அங்கே சலங்குப் படகோடு காத்திருந்த படகோட்டி காத்தானின் கையைப் பிடித்து ஏறி வந்தார்கள். அப்படி ஆள் மாற்றி ஆள் வந்ததில் காசிம் நெய்னாவின் முறை மறுநாள் வந்தது. பெண்சாதியைப் பறிகொடுத்தவன், கரையிலிருக்கும்போது தங்கச்சியோடுதான் இருப்பான். உப்பு வெடித்த உதட்டோடு வாசலில் வந்து நின்றவனைப் பார்த்ததும் சைனம்பு கேட்டாள்.

"காக்கா, அவங்களக் கண்டியளா?"

"இல்ல தங்கச்சி."

"முபாரக்கு உங்க கூடத்தானே வந்திச்சு?"

"கூடத்தான் வந்திச்சு. நக்கவாரத் தீவு தாண்டுற வரைக்கும் அதோட பாய் எங்க கண்ணு முன்னாலதான் நின்னுச்சு. மச்சான் ஒருநா தலப்பாவ அவுத்துக் காட்டுனாரு, நானும் காட்டுனேன். அப்புறம் வானம் கறுத்திச்சு. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் பாக்கல."

அவன் சொல்லத் தெரிந்தவரை சொன்னான். காற்று முதலில் கிழக்கிலிருந்து வந்தது, பிறகு எல்லாத் திசையிலிருந்தும் வந்தது, பெரிய பாயைக் கழற்றுவதற்குள் அது தானே கிழிந்து போனது, முன்மரம் முறிந்து அதன் கயிறுகளோடு கப்பலைப் பிடித்து இழுக்கவும் அதைக் கோடரியால் வெட்டிவிட்டார்கள், தகரக் கட்டிகளை எறிந்தார்கள், பாக்கு மூட்டைகளை எறிந்தார்கள், சாம்பிராணிப் பெட்டிகளை எறிந்தார்கள், எறிந்தது கடலில் விழுந்ததா மறுபடி தட்டிலேயே விழுந்ததா என்றுகூடத் தெரியாமல் எறிந்தார்கள், பலகை விட்டுப்போன இடத்தில் புடவையைத் திணித்து அதன்மேல் ஓர் ஆள் முதுகை வைத்து உட்கார்ந்தான், அவன் களைத்தால் இன்னொருவன் உட்கார்ந்தான், இரவு எது பகல் எது என்று தெரியவில்லை, நட்சத்திரம் இல்லை, திசை இல்லை, தண்ணீரை இறைப்பது ஒன்றுதான் இருந்தது, இறைத்தார்கள். இறைத்துக்கொண்டே இருந்தபோது நங்கூரம் எதிலோ பிடித்தது, கயிற்றைப் பிடித்து விளிம்பு தாண்டிய முதல் ஆள் தலையைத் தூக்கிப் பார்த்தால் பள்ளிவாசல் தெரிந்தது.

"காக்கா," என்றாள் சைனம்பு. "நாங்க எல்லாரும் கரையில நின்னு பாத்தோம். அந்தப் புயலுக்குள்ள ஒரு ஆளு விரலு கூடத் தெரியுது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

"வெளியில இருந்தாத் தெரியும் போல. உள்ள இருந்தாத் தெரியாது."

"நான் புள்ளை இல்ல காக்கா, கதை சொல்லாதீங்க."

"கதை இல்ல சைனம்பு."

"அப்ப நீங்க கப்பலுக்கே போயிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்குப் பின்னால் நெடுநேரம் நின்றாள். வெளியே அவன் இருமுவது கேட்டது, பிறகு கேட்கவில்லை.

ஊரில் மற்ற வீடுகளும் அதைத்தான் செய்தன. சலாமத்து ஆட்களுக்கு நாவிதர் தலை சிரைக்க மாட்டேனென்றார். பள்ளிவாசலில் அவர்கள் நின்ற வரிசையில் தோள்சேர்ந்து நிற்க ஆளில்லை. அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைகள் மாமியார் வீட்டில் குடியிருந்ததால், பக்கத்து வீட்டுப் பெண் புருஷனில்லாமல் உட்கார்ந்திருக்கையில் நம் வீட்டில் மட்டும் மாப்பிள்ளை இருமிக்கொண்டு படுத்திருப்பதா என்று வெட்கப்பட்டு மாமியார்கள் அவர்களை உள்ளே விடவில்லை. இரண்டு நாள் மீன் காயும் மணலில் படுத்துப் பார்த்துவிட்டு அவர்கள் காத்தானின் படகில் ஏறி, கயிற்றைப் பிடித்து, தங்கள் புயலுக்கே திரும்பிப் போனார்கள். அங்கே யாரும் அவர்களை எதுவும் கேட்கவில்லை.

புயல் நின்ற பாடில்லை. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் வெறுமனே போனதில் கிணறுகள் உப்புக் கரித்துக் கிடந்தன. காத்தானும் அவனுடைய ஆட்களும் மூங்கில் நுனியில் குடத்தைக் கட்டி மேகத்துக்கடியில் நீட்டிப் பிடித்து நிறைத்துக் கொண்டுவர, கப்பல்காரர்களை ஏசிய வாயாலேயே ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்தது, அதில் சோறு வடித்தது, காய்ச்சல்காரர்களைக் குளிப்பாட்டியது. புயலடித்துக்கொண்டிருக்கையில் கப்பலுக்கு நேரே வலை காயப்போடக் கூடாது என்று மீனவர்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். அழுகிற பிள்ளையை அந்த மேகத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று தாய்மார் மிரட்டினார்கள். ராசாவின் சுங்கக்காரர் பல்லக்கில் வந்து, இது அக்கரையிலிருந்து வந்த புயலா இக்கரைப் புயலா என்று விசாரித்து, அக்கரையிலிருந்து வந்ததுதான், ஆனால் இன்னும் கரையில் இறக்கவில்லை என்று காத்தான் சொன்னதைக் கேட்டு, இறக்கும்போது சொல்லியனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் பெண்களுக்கு ஒரு வழியும் பிறக்கவில்லை. ஐந்து கப்பல் ஆட்களின் பெண்சாதிகள் காஜியாரிடம் போய்க் கேட்டார்கள்: நாங்கள் விதவைகளாக இத்தா இருப்பதா, தாலியான கருகமணியைக் கழற்றுவதா, இறந்தவர்களுக்கென்று பாத்திஹா ஓதுவதா? காஜியார் நல்ல மனுஷர்தான்; மார்க்கக் கிதாபைத் தாண்டாத மனுஷர். "மவுத்தானதக் கண்ணால பாத்த ரெண்டு பேரு வந்து சொல்லணும்மா. இல்லாட்டி அவங்க மவுத்தாகல. வரல, அவ்வளவுதான்" என்றார். பார்த்திருக்கக்கூடியவர்கள் உலகத்திலேயே சலாமத்து ஆட்கள் மட்டும்தான்; அவர்களோ பார்க்கவில்லை என்றார்கள். அதிலிருந்து வெறுப்பு இன்னும் கறுத்தது. பெண்கள் கரையில் நின்று, சத்தமில்லாமல் ஆடும் அந்தக் கப்பலைப் பார்த்து, இத்தனை தெளிவாகத் தெரிகிற புயலுக்குள் நின்றுகொண்டு பார்க்கவில்லை என்கிறார்களே, எதை மறைக்கிறார்கள், யாரைக் கொடுத்துவிட்டுத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று பேசிப் பேசி, பேசியதை நம்பினார்கள். சைனம்புவும் அவர்களோடு நின்றாள். அவளும் நம்பினாள்.

ஒருநாள் நாகுதா பாவா லெப்பை தன் முறையில் கரைக்கு வந்திருந்தபோது ஒரு சின்னப் பெண் அவர் காலடியில் மணலில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமான மறுமாதம் புருஷனைக் கப்பலேற்றியவள். "பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க வாப்பா. உசுரோட இருக்கிறாருன்னு நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கம் வரல" என்றாள். நாகுதா கடலைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு, பார்த்தேன் என்றார். கலிமாவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு தூங்குகிறவன்போல் போனான் என்றார். கூட நின்ற, கப்பலாட்களை ஏவி வேலை வாங்கும் சாரங்கும் தலையாட்டினார். காஜியார் இரண்டு சாட்சியையும் ஏற்றுக்கொண்டார். அந்தப் பெண் கருகமணியைக் கழற்றிவிட்டு அன்று தூங்கினாள்.

அடுத்த நாள் பத்துப் பெண்கள் வந்தார்கள். நாகுதா பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு சாவு கொடுத்தார். ஆனால் பார்த்தேன் என்று சொன்னவரை யார் விடுவார்கள்? பார்த்தீர், பிறகு ஏன் தூக்கவில்லை என்று கேட்டார்கள். அலை பெரிசு என்றார், தூரம் என்றார், கயிறு எட்டவில்லை என்றார். கேள்வி நிற்கவில்லை, காரணங்கள் தீர்ந்துபோயின, கடைசியில், கயிறு போடவில்லை, போட்டிருந்தால் நாங்களும் முழுகியிருப்போம், அதனால் போடவில்லை என்றார். அவர் தாடியில் துப்பிவிட்டு, அவர் கொடுத்த சாவை மடியில் கட்டிக்கொண்டு பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். மணலில் நிற்பார், கேட்பார்கள், சொல்வார், துப்புவார்கள், போவார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு வெள்ளைத்துணி உடுத்தினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் புயல் கப்பலை விட்டுவிடும் என்று ஆண்கள் எதிர்பார்த்தார்கள். புயல் ஒரு துளிகூடக் குறையவில்லை. இன்னும் ஏதோ பாக்கி வைத்திருக்கிறான் கிழவன் என்றார்கள்.

மைமூன் மாமி எல்லாருக்கும் கடைசியாக வந்தாள். பின்னால் சைனம்பு நின்றாள்.

"என் மவன் கடல்லயே நீந்தி வளந்தவன்," என்றாள் மாமி. "கயிறு போட்டிருந்தா ஏறியிருப்பான். யாரு கையில இருந்திச்சு கயிறு?"

நாகுதா சாரங்கைப் பார்த்தார்.

"நான் சொல்றேன். அந்த மாலுமி கையிலதானே? இவ அண்ணன் கையிலதானே? என் மவன் மச்சான் மச்சான்னு கூப்பிட்டிருப்பான். கூப்பிட்டானா இல்லியா?"

நாகுதா காலையிலிருந்து வெயிலில் நின்றிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா" என்றார். "கூப்பிட்டான். கயிறு மாலுமி கையிலதான் இருந்திச்சு." சாரங்கு தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

சைனம்புவுக்குக் காது அடைத்தது. கதவைச் சாத்தியபோது அவளுக்குள் இருந்தது கோபம். இப்போது வந்தது வேறு. அண்ணனைக் கொன்றுவிட வேண்டும் என்று தோன்றியது, அதற்கு முன்னால் அவன் வாயால் கேட்டுவிட வேண்டும் என்றும் தோன்றியது. நேரே காத்தானிடம் போனாள்.

"என்னைக் கப்பலுக்குக் கொண்டுபோ."

"நாச்சியா, பொம்பளைங்க ஏறுற கப்பலா அது? நாங்களே விளிம்பு வரைக்கும்தான் போறோம்."

"விளிம்பு வரைக்கும் கொண்டுபோ. மீதிய நான் பாத்துக்கிறேன்."

ஊரே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் சலங்கில் ஏறி உட்கார்ந்தாள். ஆடாத கடலில் படகு போனது. விளிம்புக்கு வந்ததும் காத்தான் அவள் இடுப்பில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தான். கப்பலில் இருந்தவர்கள் கயிற்றின் மறுமுனை இழுபடுவதை உணர்ந்து, வருவது யாரென்று தெரியாமலே இழுத்தார்கள்.

ஒரு முழம் இந்தப் பக்கம் வெயில். ஒரு முழம் அந்தப் பக்கம் போனதும் அவளுக்குக் கண் போய்விட்டது. இருட்டு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இருட்டில் இருட்டாவது தெரியும். மழை கண்ணுக்குள் குத்தியது, காற்று இமையைப் பிடித்துத் திருப்பியது, தன் கையை மூக்குக்கு நேரே கொண்டுவந்து பார்த்தாள், கை இல்லை. சத்தம் காதால் கேட்பதாக இல்லாமல் பல்லிலும் நெஞ்செலும்பிலும் கேட்பதாக இருந்தது. யாரோ அவளை இழுத்துத் தட்டில் போட்டார்கள்; யாரோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். யார் என்று தெரியாமல் அவள் அந்த முகத்தைக் கையால் தடவினாள். இடது காதின் நுனி இல்லை. சின்ன வயதில் நாய் கடித்த காது.

"காக்கா!" என்று கத்தினாள். தொண்டை அதிர்ந்தது, அது மட்டும்தான் தெரிந்தது. சொல் அவளுக்கே கேட்கவில்லை. "அவங்க உங்களக் கூப்பிட்டாங்களா? கயிறு உங்க கையில இருந்திச்சா?" வாய்க்குள் மழை நிரம்பியது. அவன் வாயைக் கொண்டுவந்து அவள் காதில் வைத்தான். மூச்சு சூடாகப் பட்டது, அந்த இடத்தில் சூடாக இருந்தது அது ஒன்றுதான். அவன் என்னவோ சொன்னான், என்னவென்று தெரியவில்லை. அவள் அவன் காதைப் பிடித்துத் தன் வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்த மூச்சையெல்லாம் திரட்டி, புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உதுமான் கனி, உதுமான் கனி என்று கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அண்ணன் தலையில் ஓர் அசைவும் இல்லை. அவனுக்குக் கேட்கவில்லை. ஒரு விரற்கடையிலிருந்து கேட்கவில்லை.

அப்போது அவளுக்குப் புரிந்தது. முபாரக்கு பக்கத்திலேயே நின்று முழுகியிருக்கலாம். உதுமான் கனி இந்தப் பலகையையே கையால் பிடித்திருக்கலாம். அவன் கூப்பிட்டிருப்பான், கட்டாயம் கூப்பிட்டிருப்பான். யாருக்கும் கேட்டிருக்காது. அவள் அண்ணன் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். அவள் அழுகிறாள் என்பது அவனுக்கும் தெரிந்திருக்காது. அவன் அவள் தலையை ஒருமுறை அமுக்கினான், பிறகு கட்டை அவிழ்த்து, கயிற்றைத் தடவிப் பார்த்து முடிந்து, கடலில் இறக்கினான்.

கரையில் அவள் கால்வைத்ததும் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் கேக்கல."

"பொய் சொல்லாதே," என்றாள் மைமூன் மாமி. "நாங்க பாத்துக்கிட்டுத்தான் நின்னோம். அவன் உன் காதுல பேசினான். நீ அவன் காதுல பேசின. வாய் அசையிறது இங்க வரைக்கும் தெரிஞ்சிச்சு."

"நான் கத்துனது எனக்கே கேக்கல மாமி. என் கை எனக்குத் தெரியல. உள்ள போனா அப்படித்தான் இருக்கு. அங்க யாரும் யாரையும் பாத்திருக்க முடியாது, யாரு கூப்பிட்டதும் யாருக்கும் கேட்டிருக்க முடியாது."

வெள்ளைத்துணிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சொன்னதன் அர்த்தம் முதலில் காஜியாருக்குத்தான் எட்டியது.

"அப்ப நாகுதா சொன்னது பொய்ச்சாட்சின்னு சொல்றியா?" என்றார். "யோசிச்சுச் சொல்லு. அது பொய்யின்னா இவங்க அத்தனை பேரு சாட்சியும் போச்சு. இத்தா இல்ல, மவுத்து இல்ல. எல்லாரும் பழைய இடத்துக்கே வரணும்."

"நாகுதா, நீரே சொல்லும், பாத்தீரா?" என்று காஜியார் அந்தப் பக்கம் திரும்பவும், கிழவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தார். "பாத்தேன்" என்றார். சாரங்கு தலையாட்டிவிட்டு, காஜியாரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு முறை அழுத்திக் கேட்டால் சாரங்கு உடைந்துவிடுவார் என்பது சைனம்புவுக்குத் தெரிந்தது. கேட்க வேண்டியது அவள்தான். அண்ணன் பெயர் நிமிர்ந்துவிடும். அவள் பெண்களைப் பார்த்தாள். ஒருத்தி இரண்டு கையாலும் தன் வெறுங்கழுத்தைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கீழே குனிந்து கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மத்தவங்க மவுத்தப் பத்தி எனக்குத் தெரியாது," என்றாள் சைனம்பு. "என் புருஷன் மவுத்து மட்டும் எனக்கு வேணாம். அத எடுத்துக்கிடுங்க. கயிறு என் காக்கா கையில இருக்கல."

"அப்ப நீ விதவையும் இல்ல. புருஷன் உள்ளவளும் இல்ல. கடைசி வரைக்கும் இப்படியேதான்" என்றார் காஜியார்.

"இருந்துட்டுப் போறேன்."

"என் மவன நடுக்கடல்ல நிறுத்திட்டாளே!" என்று மைமூன் மாமி மணலை அள்ளி அவள் முகத்தில் வீசினாள். "அவனுக்கு ஒரு பாத்திஹா ஓத விடமாட்டேங்கிறாளே, அண்ணனுக்காக!" முதல் கல் சைனம்புவின் தோளில் பட்டது. இரண்டாவது கல் விழுவதற்குள் காத்தான் குறுக்கே துடுப்பைப் போட்டான்.

நாகுதா அன்றே கப்பலுக்குத் திரும்பிப் போனார். அவர் விளிம்பைத் தாண்டியதும் ஊர் இளவட்டங்கள் அரிவாளோடு இரண்டு கட்டுமரத்தில் போய், புயலுக்கு வெளியே நீண்டு கிடந்த நங்கூரக் கயிற்றை, பட்டப்பகலில், ஊரார் கைதட்ட, மாறி மாறி வெட்டினார்கள். கயிறு அறுந்ததும் சலாமத்து மெதுவாகப் பின்வாங்கியது, மேகமும் பின்வாங்கியது, மழையும் அலையும் அதோடு போயின. தட்டில் இருந்தவர்கள் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்பது கரையில் நின்றவர்களில் சைனம்பு ஒருத்திக்குத்தான் தெரியும். காதின் நுனி இல்லாத ஓர் ஆள் குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து வாளியை வீசுவது, கப்பல் கடுகளவு ஆகும்வரை தெளிவாகத் தெரிந்தது.

அதன் பிறகு பல துறைமுகங்களிலிருந்து செய்தி வந்தது. மசூலிப்பட்டினத்துக்கு எதிரே தன் மழையைத் தானே நனைந்துகொண்டு ஒரு கப்பல் போனதைப் பார்த்தோம் என்றார்கள். திருகோணமலையில் பீரங்கி காட்டி விரட்டினார்கள் என்றார்கள். முழுகியதாக மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கருங்கழிப்பட்டினத்துக் கிணறுகள் இன்னும் உப்பேறின. அந்தத் தாகத்துக்கும் ஊர் சைனம்புவைத்தான் ஏசியது. அவள் கழுத்தில் கருகமணியோடும் உடம்பில் வண்ணப்புடவையோடும் தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் வெள்ளைத்துணிப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து போனார்கள். அவளைப் பார்த்தால் தங்கள் புருஷன்மாரின் சாவு பொய்யாகிவிடுவதுபோல் இருந்தது அவர்களுக்கு.

ஆனாலும் மத்தியான வேளைகளில், தெரு உறங்கும்போது, ஒருத்தி ஒருத்தியாகக் கொல்லைப்பக்கமாக வந்தார்கள். வந்தவர்கள் உட்காரவில்லை. நின்றபடியே, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: உண்மையிலேயே உள்ளே ஒன்றும் கேட்காதா? கேட்காது என்று அவள் சொல்வாள். போய்விடுவார்கள். மறுநாள் கிணற்றடியில் பழையபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்வார்கள்.

மைமூன் மாமி வந்தபோது அடுத்த ஆவணி பிறந்திருந்தது. அவள் மட்டும் உட்கார்ந்தாள். வெகுநேரம் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் கூப்பிடவே இல்லியா?"

"கூப்பிட்டிருப்பாங்க மாமி. உங்களையும் கூப்பிட்டிருப்பாங்க."

"ஒருத்தன் காதிலயும் விழலியா?"

"பக்கத்துல நின்னவன் காதுலயும் விழுந்திருக்காது."

"கயிறு யாரு கையிலயும் இல்லியா?"

"இல்ல மாமி."

மாமி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அத்தனை மாதமாக அந்த முகத்தைத் தூக்கி நிறுத்தியிருந்த ஏதோ ஒன்று அப்போது இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கினால் அந்த மனுஷி அப்படியே சரிந்துவிடுவாள் என்று சைனம்புவுக்குப் பயமாக இருந்தது.

"அப்ப நான் யார ஏசுவேன்?" என்றாள் மாமி.

"என்னை ஏசுங்க" என்றாள் சைனம்பு.

மாமி ஏசத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, பிறகு தெரு கேட்க ஏசினாள். அவள் பிறப்பை ஏசினாள், அவள் அண்ணனை ஏசினாள், அவள் கழுத்தில் கிடந்த கருகமணியை ஏசினாள், கப்பலை, காற்றை, நட்சத்திரங்களை, அச்சைத் துறைமுகத்தை ஏசினாள். சைனம்பு எதிரே உட்கார்ந்து கேட்டாள். ஒரு சொல் விடாமல் எல்லாம் தெளிவாகக் கேட்டது. மறுநாளும் மாமி வந்து ஏசினாள், அதற்கு மறுநாளும் வந்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. அப்படி ஒருநாள் ஏசி ஏசிக் களைத்து, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள், "சோறு இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது.